நெறிக்கட்டு – 11: குலுக்கலுக்குள் வந்த 109 பேர்

சென்ற வாரம் 1993 ஏப்ரலில் நிறுத்தியிருந்தோம். அமெரிக்காவில் ரிச்சர்ட் ஃபிஷரும் அவருடைய குழுவினரும் 899 நிணநீர்ப் புற்று (லிம்போமா) நோயாளிகளைக் குலுக்கல் முறையில் நான்கு அணிகளாகப் பிரித்து, நான்கு கூட்டு மருந்து முறைகளை மோதவிட்ட கதை அது. மருந்துக்கு மேல் மருந்தாக அடுக்கிய மூன்று புதிய முறைகளும், நான்கே மருந்துகள் கொண்ட பழைய ‘சாப்’ முறையை மிஞ்சவில்லை. மூன்றாண்டு முடிவில் நான்கும் ஏறத்தாழ ஒரே இடத்தில் வந்து நின்றன. மருந்தின் நஞ்சால் மாண்டவர்கள் மட்டும் சாப் அணியில் மிகக் குறைவு.

அந்த ஆய்வில் மூன்றாண்டு கழித்து நோயின்றி இருந்தவர்கள் நூற்றுக்கு 44 பேர்.

மீதிப் பேர் என்ன ஆனார்கள்? இந்த வாரக் கதை அவர்களுடையது. அதற்காக ஒரு பத்தாண்டு பின்னால் போக வேண்டியிருக்கிறது.

* * *

திரும்பி வந்த பிறகு

வேகமாக வளரும் வகை நிணநீர்ப் புற்று. கீமோ முடிந்துவிட்டது. கழுத்திலும் அக்குளிலும் இருந்த நெறிக்கட்டுகள் கரைந்து, முடி மறுபடி முளைத்து, மனிதர் வேலைக்கும் போகத் தொடங்கிவிட்டார். பிறகு ஒரு நாள் காலையில் ஷேவ் செய்யும்போது தாடைக்குக் கீழே ஏதோ விரலில் தட்டுப்படுகிறது.

1980-களின் தொடக்கத்தில் அப்படி வந்தவரிடம் சொல்வதற்கு டாக்டர்கள் கையில் அதிகம் இருக்கவில்லை. பழைய மருந்தையே மறுபடி கொடுத்தால் கட்டி கொஞ்சம் சுருங்கும், பிறகு வளரும். அவர் வாழ்நாளை மாதக்கணக்கில்தான் எண்ண வேண்டியிருந்தது.

காரணம் எளிது. முதல் சிகிச்சையில் தப்பிய செல்கள் சும்மா தப்பியவை அல்ல; அந்த மருந்துகளுக்கு ஈடுகொடுக்கத் தெரிந்தவை. கனடாவைச் சேர்ந்த கோல்டி, கோல்ட்மன் இருவரும் 1979-இல் இதைக் கணக்காகவே போட்டுக் காட்டினார்கள். கட்டி வளர வளர, ஏதாவதொரு மருந்துக்கு அடங்காத செல் தற்செயலாகவே அதற்குள் முளைத்துவிடும். எனவே, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத வழிகளில் தாக்கும் மருந்துகளைக் கூடிய சீக்கிரம் கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம்.

இதன்படி பார்த்தால், நோய் திரும்பியவருக்குத் தேவைப்படுவது சாப்பில் இல்லாத மருந்துகள்.

சாப்பில் இருக்கும் வின்கிறிஸ்டின், ராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கம் காடுகாடாகப் பயிராகும் நித்தியகல்யாணியிலிருந்து வருவது. அந்தச் செடியின் வேலை முதல் சுற்றிலேயே முடிந்துவிட்டது. இரண்டாம் சுற்றுக்கு ஹூஸ்டனில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மருத்துவமனையின் டாக்டர்கள் வேறு இடங்களில் தேடினார்கள். வில்லியம் வெலாஸ்கெஸ், ஃபெர்னாண்டோ கபானியாஸ் ஆகியோரின் குழு அது.

அவர்கள் எடுத்துக்கொண்ட முதல் மருந்து சைடராபின். 1950-களின் தொடக்கத்தில் ஃப்ளோரிடாக் கடலோரத்துக் கடற்பஞ்சு ஒன்றில் வெர்னர் பெர்க்மன் சில விநோதமான மூலக்கூறுகளைக் கண்டார். அவற்றை முன்மாதிரியாக வைத்து ஆய்வகத்தில் செய்த மருந்து இது. செல், தன் டி.என்.ஏ.வைப் படியெடுக்கும்போது இடையில் புகுந்து வேலையைக் கெடுக்கும்.

இரண்டாவது, சிஸ்பிளாட்டின். மிச்சிகனில் பார்னெட் ரோசன்பெர்க் 1960-களில் பாக்டீரியாக்களுக்கு நடுவே மின்சாரம் பாய்ச்சிப் பார்த்தார். அவை பிளவுபடாமல் நீளநீளமாக வளர்ந்தன. அது மின்சாரத்தின் வேலை இல்லை; மின்முனையிலிருந்த பிளாட்டினம் கரைந்து செய்த வேலை. அந்தத் தற்செயலில் பிறந்த மருந்து அது.

மூன்றாவது, எல்லோருக்கும் தெரிந்த டெக்சாமெத்தசோன் ஸ்டீராய்டு. மூன்றும் சேர்ந்து ‘டிஹாப்’ என்று பெயர் பெற்றது.

* * *

பெயரை எழுதுங்கள்

டிஹாப் எப்படிக் கொடுக்கப்படுகிறது என்று பார்த்தால்தான் இந்தக் கதையின் கனம் புரியும்.

முதல் நாள் சிஸ்பிளாட்டின், 24 மணி நேரமும் நிற்காமல் சொட்டும் டிரிப்பாக. அது சிறுநீரகத்தைப் பதம் பார்த்துவிடும் என்பதால் கூடவே லிட்டர் கணக்கில் சலைன். எவ்வளவு உள்ளே போகிறது, எவ்வளவு சிறுநீராக வெளியே வருகிறது என்று நர்ஸ்கள் அளந்து எழுதிக்கொண்டே இருப்பார்கள். காதில் ரீங்காரம் கேட்கிறதா என்று கேட்பார்கள். குமட்டலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இன்று இருக்கும் நல்ல வாந்தித் தடுப்பு மருந்துகள் அப்போது பரவலாக வந்திருக்கவில்லை.

இரண்டாம் நாள் சைடராபின், 12 மணி நேர இடைவெளியில் இரண்டு தவணை. உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 2 கிராம் வீதம். ரத்தப் புற்றுக்கு வழக்கமாகக் கொடுத்துவந்த 100 மில்லிகிராமைப்போல இது இருபது மடங்கு. இந்த அளவில் மருந்து கண்ணீர் வழியாகவும் கசிந்து கண்ணை எரிக்கும். அதற்கு ஸ்டீராய்டு சொட்டு மருந்து. சிறுமூளையையும் அது தொடும். தொட்டால் நடை தள்ளாடும், நாக்கு குழறும், கை நடுங்கும்.

அதனால் உயர் அளவு சைடராபின் கொடுக்கும் வார்டுகளில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு தவணைக்கு முன்னும் நோயாளியிடம் ஒரு தாளைக் கொடுத்துப் பெயரை எழுதச் சொல்வார்கள். முந்தைய கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். எழுத்து கோணினால் அடுத்த பாட்டில் மாட்டப்படாது. ஸ்கேன் எதுவும் காட்டுவதற்கு முன்னால் கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடும்.

1988-இல் ஹூஸ்டன் குழு தன் கணக்கை வெளியிட்டது. நோய் திரும்பியவர்களும் முதல் சிகிச்சைக்கே அடங்காதவர்களுமாக 90 பேர். 28 பேருக்குக் கட்டிகள் முழுதாக மறைந்தன. இன்னும் 22 பேருக்குப் பாதிக்கு மேல் சுருங்கின. கைவிரிக்கப்பட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ஏதோ ஒரு பலன்!

ஆனால் பலன் கிடைத்தவர்களில் பலருக்கு அது நீடிக்கவில்லை. டிஹாப் கதவைத் திறந்தது. உள்ளே போய் உட்கார அது போதவில்லை.

* * *

மஜ்ஜையை எடுத்து வை

அப்படியானால் அளவை இன்னும் கூட்டலாமே? கூட்டலாம். ஆனால் ஒரு எல்லையைத் தாண்டினால் எலும்பு மஜ்ஜை அழிந்துவிடும். மஜ்ஜை போனால் வெள்ளணு இல்லை, தட்டணு இல்லை. நோய் சாவதற்கு முன்னால் ஆள் செத்துவிடுவார்.

இந்த முட்டுக்கட்டையைச் சுற்றிப் போக ஒரு துணிச்சலான வழி இருந்தது. மஜ்ஜையை முதலிலேயே வெளியே எடுத்துப் பத்திரப்படுத்திவிடுவது; மருந்தை அளவில்லாமல் கொடுப்பது; பிறகு மஜ்ஜையைத் திருப்பிச் செலுத்துவது. 1978-இலேயே அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் ஃப்ரெடெரிக் ஆப்பெல்பாம் குழு, உறையவைத்த சொந்த மஜ்ஜை மீண்டும் உடலில் வேர்பிடிக்கும் என்று லிம்போமா நோயாளிகளிடம் காட்டியிருந்தது.

நோயாளியை மயக்கத்தில் குப்புறப் படுக்கவைத்து, இடுப்பெலும்பின் பின்பக்கத்தில் தடித்த ஊசியைச் செலுத்தி, ஒவ்வொரு குத்துக்கும் சில மில்லி வீதம் உறிஞ்சுவார்கள். ஒரு லிட்டர் அளவுக்குச் சேரும்வரை குத்திக்கொண்டே இருக்க வேண்டும். சேர்ந்ததை டைமெத்தில் சல்ஃபாக்சைடு என்ற காப்புத் திரவத்தோடு கலந்து, திரவ நைட்ரஜனில் வைப்பார்கள். பின்னர் அது உடலுக்குள் திரும்பும்போது அந்தத் திரவம் மூச்சு வழியாக வெளியேறும். அறை முழுக்கப் பூண்டு வாடை அடிக்கும். மஜ்ஜை மாற்று வார்டில் வேலை பார்த்தவர்களைக் கேட்டால் முதலில் இந்த வாடையைத்தான் சொல்வார்கள்.

பிறகு காத்திருப்பு. வெள்ளணு எண்ணிக்கை பூஜ்யத்தை ஒட்டிக் கிடக்கும் இரண்டு, மூன்று வாரங்கள். வாயெல்லாம் புண். ஒரு சாதாரணக் கிருமி போதும்.

1987-இல் பிரான்ஸின் லியோன் நகரத்து தியரி ஃபிலிப், நெப்ராஸ்காவின் ஜேம்ஸ் ஆர்மிடேஜ், ஹூஸ்டனின் கேரி ஸ்பிட்சர் ஆகியோர் தங்கள் அனுபவங்களை ஒன்றுசேர்த்து ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் எழுதினார்கள். உயர் அளவு மருந்தும் சொந்த மஜ்ஜையும் பெற்ற 100 பேர். அவர்களை மூன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள்.

முதல் சிகிச்சையிலேயே நோய் முழுதாக மறையாதவர்கள்: மூன்றாண்டில் நோயின்றி இருந்தவர் ஒருவர்கூட இல்லை.

மறைந்து, திரும்பி, இரண்டாவது கீமோவுக்கு மசியாதவர்கள்: நூற்றுக்கு 14.

மறைந்து, திரும்பி, இரண்டாவது கீமோவுக்கு மசிந்தவர்கள்: நூற்றுக்கு 36.

சிகிச்சை ஒன்றுதான், விளைவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். மஜ்ஜையை எடுப்பதற்கு முன்னால், சாதாரண அளவு கீமோவுக்குக் கட்டி எப்படி நடந்துகொள்கிறது என்பதே தலைவிதியைப் பாதி எழுதிவிடுகிறது. இந்தக் கதையில் பலரும் மஜ்ஜை மாற்று சிகிச்சையைத்தான் கதாநாயகனாகச் சொல்வார்கள். என்னைக் கேட்டால், திருப்புமுனை இந்த மூன்று வரிகளில் இருக்கிறது. கூட்டு மருந்து அன்றுமுதல் வெறும் சிகிச்சையாக மட்டும் இல்லாமல், நோயாளியைச் சோதிக்கும் சல்லடையாகவும் ஆகிவிட்டது.

* * *

36 என்பது பெரிதா?

எண்ணைப் பார்த்துப் பலர் உற்சாகமானார்கள். சிலர் மட்டும் தயங்கினார்கள். அவர்களுடைய கேள்வி நியாயமானது.

மாற்று சிகிச்சை வரை வந்துசேர்பவர் யார்? நோய் திரும்பிய பின்னும் சில மாதங்கள் தாக்குப்பிடித்தவர். இதயமும் சிறுநீரகமும் நன்றாக இருப்பவர். பெரும்பாலும் வயது குறைந்தவர். கீமோவுக்கு மசிந்தவர். இத்தனை படிகள் தாண்டியவருக்கு மாற்று சிகிச்சையே செய்யாமல், அதே டிஹாப்பை இன்னும் நான்கு சுற்று கொடுத்திருந்தால்கூட 36 பேர் பிழைத்திருப்பார்களோ என்னவோ? பழைய நோயாளிகளின் ஏடுகளைப் புரட்டி ஒப்பிட்டால் இதற்குப் பதில் கிடைக்காது. ஒரே மாதிரியான நோயாளிகளை எடுத்து, சீட்டுக் குலுக்கிப் பிரித்தாக வேண்டும்.

இதே காலத்தில் மார்பகப் புற்றிலும் இதே எண்ணம் காட்டுத்தீயாய்ப் பரவியது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். உயர் அளவு மருந்து, சொந்த மஜ்ஜை. ஆயிரக்கணக்கான பெண்கள் குலுக்கல் ஆய்வுக்குக் காத்திருக்காமலே அந்தக் கடும் சிகிச்சைக்கு உட்பட்டார்கள். 1999-இல் தென்னாப்பிரிக்காவின் வெர்னர் பெஸ்வோடா மட்டும் அமோகப் பலன் என்று மேடையில் அறிவித்தார். 2000-இல் ஆய்வாளர்கள் நேரில் போய்ப் பதிவேடுகளைப் பார்த்தபோது மோசடி வெளிப்பட்டது. நேர்மையாக நடந்த மற்ற ஆய்வுகளோ, அந்தச் சிகிச்சை அந்தப் பெண்களின் ஆயுளைக் கூட்டியதாகக் காட்டவில்லை. கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது என்பதற்காக ஒரு சிகிச்சை பலித்துவிடாது.

லிம்போமாக்காரர்கள் அந்தப் பள்ளத்தில் விழாமல் தப்பியதற்கு ஒரே காரணம், அவர்கள் குலுக்கிப் பார்த்ததுதான்.

* * *

ஏழாண்டுக் குலுக்கல்

1987 ஜூலை. தியரி ஃபிலிப்பின் தலைமையில் பல நாட்டு மருத்துவமனைகள் கைகோத்துப் புதிய ஆய்வைத் தொடங்கின. இத்தாலியின் பார்மா நகரப் பெயர் அதற்கு. பாலாடைக்கட்டிக்குப் பேர்போன ஊர், அன்றிலிருந்து புற்றுநோய் டாக்டர்கள் வாயிலும் அடிபடத் தொடங்கியது.

விதிகள் கறாரானவை. வயது 60-க்கு மேல் போகக் கூடாது. முதல் சிகிச்சையில் நோய் ஒருமுறையாவது முழுதாக மறைந்திருக்க வேண்டும். மூளையில் நோய் இருக்கக் கூடாது. மஜ்ஜையிலும் இருக்கக் கூடாது; திருப்பிச் செலுத்தும் மஜ்ஜையோடு புற்றும் உள்ளே போய்விடக் கூடாதல்லவா?

வந்தவர்கள் 215 பேர். அனைவருக்கும் முதலில் டிஹாப் இரண்டு சைக்கிள்.

பிறகு ஸ்கேன். நூற்றுக்கு 58 பேருக்குக் கட்டி மசிந்தது. அவர்களிலும் சிலர் பல காரணங்களால் விலக, குலுக்கலுக்குள் வந்தவர்கள் 109 பேர். 54 பேருக்கு டிஹாப் மேலும் நான்கு சைக்கிள். 55 பேருக்கு ‘பீயாக்’ எனப்பட்ட நான்கு மருந்துகளின் உயர் அளவுக் கூட்டு, பின்னர் சொந்த மஜ்ஜை. இரு பக்கமும் தேவைக்கேற்பக் கதிர்வீச்சு உண்டு.

இந்த 109 பேரைச் சேர்க்க எத்தனை காலம் பிடித்தது தெரியுமா? 1994 ஜூன் வரை, ஏழு ஆண்டுகள். பல நாடுகள் சேர்ந்தும் ஆண்டுக்குப் பதினாறு பேர்கூட முழுதாகத் தேறவில்லை. முன் நிற்கும் மனிதரிடம், “உங்களுக்கு எந்தச் சிகிச்சை என்பதைச் சீட்டுதான் முடிவு செய்யும்” என்று சொல்வது எளிதான காரியமா? மாற்று சிகிச்சைதான் சிறந்தது என்று நம்பும் டாக்டருக்கு அது பாவம். அது கொல்லும் என்று அஞ்சும் டாக்டருக்கும் அது பாவம். இரண்டில் எது மேல் என்று எனக்கே தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் டாக்டரால் மட்டுமே அந்த வாக்கியத்தைக் கூசாமல் சொல்ல முடியும்.

* * *

1995 டிசம்பர்

முடிவு அதே நியூ இங்கிலாந்து இதழில் வந்தது.

சிகிச்சைக்குப் பலன் கிடைத்தவர்கள்: மாற்று அணியில் நூற்றுக்கு 84, டிஹாப் அணியில் 44.

ஐந்தாண்டில் நோய் தலைகாட்டாமல் இருந்தவர்கள்: மாற்று அணியில் நூற்றுக்கு 46, டிஹாப் அணியில் 12.

ஐந்தாண்டில் உயிரோடு இருந்தவர்கள்: மாற்று அணியில் நூற்றுக்கு 53, டிஹாப் அணியில் 32.

மருத்துவத்தில் இவ்வளவு அகலமான இடைவெளி அபூர்வம். ஆறு சைக்கிள் டிஹாப் மட்டும் பெற்றவர்களில் எட்டுப் பேருக்கு ஒருவர்தான் நோயிடமிருந்து தப்பினார். மாற்று அணியில் ஏறத்தாழ பாதிப் பேர். அதன் பிறகு உலகெங்கும் வழிமுறை ஒன்றே ஆயிற்று. லிம்போமா திரும்பினால், இரண்டு மூன்று சைக்கிள் இரண்டாம்நிலைக் கீமோ. மசிந்தால் மாற்று சிகிச்சை. மஜ்ஜையை ஊசியால் உறிஞ்சும் வேலை போய், ரத்தத்திலிருந்தே குருத்தணுக்களைப் பிரித்தெடுக்கும் வசதி வந்தது. அப்போதும் வழிமுறை மாறவில்லை.

ஆனால் அந்த 53-ஐ நாம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ‘மாற்று சிகிச்சை செய்தால் பாதிக்குப் பாதி பிழைப்பார்கள்’ என்று இதைச் சொல்வது வழக்கமாகிவிட்டது. யாரில் பாதி? சல்லடையைத் தாண்டி, சீட்டு எடுத்து, மாற்று அணியில் விழுந்த 55 பேரில் பாதி. ஆய்வின் வாசலுக்கு வந்தவர்கள் 215 பேர். அவர்களில் 106 பேர் குலுக்கலுக்கே வரவில்லை. வாசலுக்கே வர முடியாத, 60 தாண்டியவர்கள் வேறு. இந்த நோய் அதிகம் வருவதே அந்த வயதில்தான்.

மூன்றாண்டு கழித்து, 1998-இல், ஆய்வுக் குழுவைச் சேர்ந்த ரோம் நகரத்து செசரே குலியெல்மி அந்த வாசலுக்கே திரும்பிப் போனார். பார்மாவில் சேர்ந்தவர்களை, நோய் எப்போது திரும்பியது என்பதை வைத்து இரண்டாகப் பிரித்தார். நோய் கண்டுபிடித்த ஓராண்டுக்குள் திரும்பியவர்களில் டிஹாப்புக்கு மசிந்தவர்கள் நூற்றுக்கு 40. ஓராண்டு கடந்து திரும்பியவர்களில் 69. எட்டாண்டுக் கணக்கில் உயிரோடு இருந்தவர்கள் முறையே 13, 29.

ஆக, சல்லடையில் விழுந்தவர்கள் சும்மா விழவில்லை. சீக்கிரம் திரும்பும் நோய் வேறு, தாமதமாகத் திரும்பும் நோய் வேறு. பெயர்தான் ஒன்று. சீக்கிரம் திரும்பும் நோய்க்கு என்ன மருந்து என்பதற்கு பார்மாவிடம் பதில் இல்லை.

* * *

இரண்டு பெயர்கள்

பார்மா கட்டுரையின் ஆசிரியர் பட்டியலில் இரண்டு பிரெஞ்சுப் பெயர்களைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். பெர்ட்ராண்ட் குவாஃபியே. கிறிஸ்டியான் ஜிசெல்பிரெக்ட்.

1997 இறுதியில் ரிட்டுக்சிமாப் என்ற புதுவகை மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது கீமோ இல்லை. லிம்போமா செல்லின் மேல் இருக்கும் சி.டி.20 என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்புப் புரதம். குவாஃபியே அதை சாப்புடன் சேர்த்து, பார்மா தொடாத வயதினரிடமே சோதித்தார். 60-இலிருந்து 80 வயது வரை, 399 பேர். 2002-இல் முடிவு வந்தது. நோய் முழுதாக மறைந்தவர்கள் சாப் மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 63. ரிட்டுக்சிமாபும் சேர்த்துப் பெற்றவர்களில் 76. ஃபிஷரின் ஆய்வில் ஆறு முதல் எட்டு மருந்து அடுக்கியும் அசையாத எண்ணை, ஒரே ஒரு மருந்து அசைத்துவிட்டது. சில ஆண்டுகளில் அதுவே எல்லோருக்கும் முதல் சிகிச்சை ஆனது.

முதல் சுற்றிலேயே அதிகம் பேர் குணமானார்கள். ஆனாலும் சிலருக்கு நோய் திரும்பியது. அவர்களைப் பார்த்த ஜிசெல்பிரெக்டுக்கு பார்மாவின் கணக்கு உறுத்தியது. பார்மாவின் 215 பேரும் ரிட்டுக்சிமாபைக் கண்டிராதவர்கள். இப்போது வருகிறவர்களோ ரிட்டுக்சிமாபையும் சாப்பையும் சேர்த்தே தாங்கித் தப்பித்த செல்களைச் சுமந்து வருகிறவர்கள்.

2003-இல் அவர் புதிய குலுக்கல் ஒன்றைத் தொடங்கினார். டிஹாப் ஒரு பக்கம், அதற்குப் போட்டியாக ‘ஐஸ்’ என்ற இன்னொரு கூட்டு மருந்து மறுபக்கம், இரண்டோடும் ரிட்டுக்சிமாப். எந்தக் கூட்டு மேல் என்று கண்டுபிடிக்கக் கிளம்பிய ஆய்வு அது. ஆனால் அதற்கடியில் இன்னொரு கேள்வி இருந்தது: முதல் சுற்றிலேயே ரிட்டுக்சிமாபைத் தாண்டி, அதுவும் ஓராண்டுக்குள் திரும்பி வந்த நோயிடம் பார்மாவின் வழி செல்லுமா?

(அடுத்த வாரம்)